இருக்கை எண் இல்லாத இரண்டு வரிகள்

அத்தியாயம் – 7

"செத்துப்போனவனைப் பத்தி ஆபீஸ்ல நாலு விதமா பேசறது சாதாரணம்தான். ஆனா இவ்ளோ பிரயத்தனப்பட்டு, அழகா டைப் பண்ணி, சீல் வெச்சு, கூடவே லிஸ்டும் பின் பண்ணிக் கொடுத்திருக்கா பாருங்கோ, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றான் பிச்சுமணி.

"வாயை மூடிட்டு லிஸ்டைத் தா" என்றாள் விஜயம்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில், பாதி அறையை வாடகைக்கு எடுத்து விஜயம் துப்பறியும் தொழில் நடத்திக்கொண்டிருந்தாள். அதற்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசர். ஐம்பது வயது, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, மூக்கின் நுனியில் கண்ணாடி. பிச்சுமணி அவளுடைய உதவியாளன். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துப் பிள்ளை. நாற்பது வயதாகியும் நாக்குக்கு மட்டும் பதினாறுதான் ஆகியிருந்தது.

அவர்களுக்கு முன்னால், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ராகேல் உட்கார்ந்திருந்தாள். பிச்சுமணியின் பேச்சு அவள் காதில் விழவில்லை. அவன் கையிலிருந்து விஜயத்தின் கைக்குப் போகிற கம்பெனித் தாளையே அவள் கண் தொடர்ந்தது.

அவள் கணவன் அஜீஷ் இறந்து மூன்று மாதம். ஜூலை பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு ஐம்பதுக்கு, பைபாஸ் ரோட்டில் ஆக்குளத்துக்கு அருகே அவன் பைக் எதிரே வந்த லாரியில் மோதியது. அவன் வேலை பார்த்தது கழக்கூட்டத்தில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். வீடு பேட்டையில். ஆபீஸை விட்டு வீட்டுக்குக் கிளம்பியவனின் பைக், வீட்டைப் பார்த்துக் கிடக்கவில்லை. கழக்கூட்டத்தைப் பார்த்துக் கிடந்தது.

கம்பெனி விசாரித்தது. அஜீஷ் அன்று மாலை ஆறு மணிக்குத் தன் பெயரில் பொதுக் கணினியில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டு, ஆறு பத்துக்கு கேட்டைத் தாண்டினான் என்று எழுதிக் கொடுத்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தேவையும் இருக்கவில்லை. கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள், அவனாகவேதான் சாகப் போனான் என்று கூட்டிப் பார்த்துக்கொண்டார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வந்த மாமியார் அந்தத் தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எனக்க பிள்ளைய நீ என்னட்டீ சொன்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

ராகேல் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அன்று காலை சட்டினியில் உப்புக் குறைந்ததைத் தவிர வீட்டில் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஆனாலும் மூன்று மாதமாக அந்தக் காலையை எடுத்து எடுத்து உதறிப் பார்க்கிறாள். ஏதாவது உதிருமா என்று.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும்க்கா" என்றாள். "அவிய என்னைய விட்டுட்டுப் போணும்னு நெனச்சுப் போனாவளா, இல்லியா?"

விஜயம் லிஸ்டின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல அஞ்சு கட்டம் இருக்கு மோளே. ஒவ்வொண்ணும் என்னதுன்னு தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். அன்னைக்கு அந்த யுனிக்ஸ் கணினியில அவிய பேருல ஓடின கட்டளை எல்லாம் வரிசையா இருக்கு. முதல்ல கட்டளைக்க பேரு. அடுத்து ஆளுக்க பேரு. மூணாவது, எந்த இருக்கையில இருந்து அடிச்சதுன்னு நம்பரு. அப்புறம் மணி. கடைசியில, அந்த வேலைக்குக் கணினி எவ்வளவு நேரம் எடுத்துதுன்னு."

"பதினாலு, பதினாலு, பதினாலு" என்று பிச்சுமணி எட்டிப் பார்த்துப் படித்தான். "காலம்பற ஒன்பது மணியிலேர்ந்து ஒரே இருக்கை. எங்காத்து சித்தப்பாவைக் கல்யாணப் பந்தியில உட்கார வெச்ச மாதிரின்னா இருக்கு. எழுந்துக்கவே இல்லை."

"எழுந்திருக்கான்" என்றாள் விஜயம். "கடைசி ரெண்டு வரியைப் பாரு."

ராகேலும் குனிந்தாள். நூறு தடவையாவது படித்த தாள். ஆறு மணிக்கு நேராக இரண்டு வரிகள். அவள் கண் எப்போதும் இரண்டாவது வரிக்கே போய் நிற்கும். 'அழி' என்ற கட்டளை அதுதான். இன்றுதான் விஜயத்தின் விரல் மூன்றாவது கட்டத்தைக் காட்டியது. அங்கே பதினான்கு இல்லை. எந்த எண்ணுமே இல்லை. வெறும் இரண்டு கோடுகள்.

"நின்னுண்டே அடிச்சாரோ?" என்றான் பிச்சுமணி.

"ரெண்டு வரிக்கும் இருக்கை இல்ல. சரி, முதல் வரி என்ன கட்டளை?"

"காப்பி" என்றாள் ராகேல்.

"முதல்ல காப்பி. அதுக்குப் பெறகு அழி." விஜயம் கண்ணாடியைக் கழற்றினாள். "எல்லாத்தையும் ஒழிச்சுக்கெட்டிட்டுப் போறவனுக்கு எதுக்குக் காப்பி?"

"ஆத்தைக் கொளுத்தப் போறவன், அண்டா குண்டா எல்லாத்தையும் பக்கத்தாத்துல பத்திரமா கொண்டு வெச்சுட்டு வந்தா கொளுத்துவன்?"

இந்த முறை பிச்சுமணி சொன்னது ராகேலின் காதில் விழுந்தது. ஆனால் நம்பிக்கை என்று ஒன்று வந்தால் அதைக் கையில் வாங்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்பம் அந்தக் காப்பி எங்கக்கா? ஆபீஸ்ல ஒண்ணுமே இல்லைன்னுல்லா சொன்னாவ?"

"கடைசிக் கட்டத்தைப் பாரு. அழிக்க மூணு நொடி. காப்பிக்கு எவ்வளவு?"

"பூஜ்யம்."

"ஒரு மனுஷனுக்க அத்தனை வேலையையும் காப்பி எடுக்க பூஜ்ய நேரமா? நான் எக்ஸ்சேஞ்சுல லட்சம் டிரங்க் கால் சீட்டு பாத்திருக்கேன் மோளே. பேசின நேரம் பூஜ்யம்னு இருந்தா ஒரே அர்த்தந்தான். மணி அடிச்சிருக்கு. அந்தப் பக்கம் யாரும் எடுக்கல்ல." தாளை மடித்து ராகேலிடமே நீட்டினாள். "இந்தக் கணினிக்கெல்லாம் பொறுப்பு யாரு?"

"பிரஜின். அவியளுக்க கூட்டாளிதான்."

"சண்டை உண்டா ரெண்டு பேருக்கும்?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும் உண்டு" என்றாள் ராகேல்.

அந்தச் சண்டையை ஆட்டோவில் போகும்போது சொன்னாள். பிரஜின் ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். மீன் குழம்பு தீர்வதற்குள் பேச்சு தொடங்கிவிடும். யுனிக்ஸில் காப்பி, அழி, தேடு, வரிசைப்படுத்து என்று பழைய கட்டளைகள் உண்டு. அவற்றுக்குப் புதுப்புது வித்தைகளைக் கற்றுக்கொடுத்து எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும் என்பது பிரஜினின் கட்சி. ஒரு தடவை திருத்தினால் நூறு பேருக்கு உபயோகம். அஜீஷ் ஒத்துக்கொள்ள மாட்டான். பழையதைத் தொடாதே, உனக்கு வேறு வேலை ஆக வேண்டுமென்றால், அதைச் செய்ய நாலு வரியில் தனியாகச் சின்னதாக ஒன்று எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள் என்பான்.

"'அம்மியில சக்கரம் மாட்டாதலே, வண்டி வேணும்னா வண்டி செய்'னு சொல்லுவாவ."

"அதுக்கு அவன் என்ன சொல்லுவான்?" என்றாள் விஜயம்.

"'ஒனக்க சட்டைப்பையில நூறு குட்டிக் கட்டளை கெடக்கு. ஒவ்வொண்ணும் என்ன செய்யுதுன்னு ஒன்னைத் தவிர ஒரு ஆளுக்கும் தெரியாது. நீ நாளைக்கு இல்லாமப் போனா?'ன்னு கேப்பான்."

"அஜீஷ்?"

"'நான் எங்கலே போவப் போறேன்?'னு..."

ராகேல் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். வெளியே வடகிழக்குப் பருவத்தின் துலாமழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோ ஆக்குளத்தை நெருங்கும்போது கண்களை மூடிக்கொண்டாள். தம்பானூரிலிருந்து டிரைவரிடம் மலையாளத்தில் ஓயாமல் வம்பளந்துகொண்டு வந்த பிச்சுமணி, சரியாக அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினான்.

*

கழக்கூட்டத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டின் கதவைத் திறந்த பிரஜின், ராகேலைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அடக்கத்துக்கு வந்தவன், அதன் பிறகு அவள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. முகம் ஒட்டிப்போயிருந்தது.

"மைனி... உள்ள வாங்க" என்று எப்போதும்போல் அண்ணி முறை சொல்லி அழைத்தான்.

"தம்பி, இவ்வோ விஜயம் அக்கா. ஒரு விஷயம் கேக்கணுமாம்."

விஜயம் உட்காரக்கூட இல்லை. "இருக்கை நம்பர் இல்லாம ரெண்டு கோடு போட்டிருக்குல்லா, அந்த நாற்காலியில யாரு இருக்கா தம்பி?"

ராகேல் நீட்டிய லிஸ்டைப் பிரஜின் வாங்கிப் பார்த்தான்.

"யாரும் இல்ல" என்றான். "கை அடிக்காம, கடிகாரத்தை வெச்சு ஓடுத வேலைக்கு அப்பிடித்தான் விழும்."

ராகேல் எட்டி அந்த இரண்டு கோடுகளையும் மறுபடி பார்த்தாள்.

"புரியற மாதிரி சொல்லுமையா" என்றான் பிச்சுமணி. "நான் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் கடிகாரம் பார்க்கிறவன்."

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அந்தப் பொதுக் கணினியில ஒரு பெரிய வேலை ஓடும். அதுக்கு டிஸ்குல இடம் வேணும். அதனால எல்லாரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனவனுக்க கோப்பு சாமானை எல்லாம் வேற கணினிக்கு மாத்தி வெச்சுட்டு, திங்கக்கிழமை திருப்பி எடுத்துக்கிடணும். நாங்க எல்லாம் கையால அடிச்சுச் செய்வோம். அஜீஷ் மட்டும்..."

"சின்னதா ஒண்ணு எழுதி வெச்சிருப்பாவ" என்றாள் ராகேல்.

"ஆமா மைனி. ரெண்டே வரி. வெள்ளிக்கிழமை ஆறு மணியானா தானா காப்பி எடுக்கும், அடுத்து தானா அழிக்கும். திங்கக்கிழமை எட்டு மணிக்கு இன்னொண்ணு திருப்பிக் கொண்டுவரும். அவன் சொல்லாததுனால ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் கணவன் அழிக்கவில்லை. அவன் பெயரில், அவன் எழுதிய வரி, அவனில்லாமல் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அசைவதை ராகேல் உணர்ந்தாள். ஆனால் விஜயத்தின் முகம் இன்னும் தளரவில்லை.

"எல்லா வெள்ளியும் ஒழுங்கா எடுத்த காப்பி, அன்னைக்கு மட்டும் ஏன் எடுக்கல்ல?"

பிரஜின் லிஸ்டை மடிக்கத் தொடங்கினான்.

"காப்பின்னு சொன்னா முப்பது வருஷமா உள்ள கட்டளை. சொன்னதைச் சொன்னபடி செய்யும். அது திடீர்னு மணி அடிச்சுட்டு ஆளுக்காகக் காத்து நின்னிருக்கு. அது தானா படிச்சுக்கிட்ட பழக்கம் இல்ல. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காவ." விஜயம் ஓர் அடி முன்னால் வந்தாள். "எத்தனை மணிக்குச் சொல்லிக் கொடுத்த தம்பி?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு" என்றான் பிரஜின். குரல் உள்ளே போயிருந்தது. "நல்லதுக்காக்கும் செய்தேன். யாராவது தெரியாம பெரிய காப்பி எடுத்தா டிஸ்கு நெறஞ்சு போவும். அதனால, பெருசா இருந்தா, 'இவ்வளவு பெரிசு, எடுக்கட்டா?'ன்னு ஒரு கேள்வி கேக்க வெச்சேன்."

"பதில் வரல்லேன்னா?"

"வேண்டாம்னு எடுத்துக்கிட்டு, காப்பி எடுக்காமலே 'சரி, ஆச்சு'ன்னு சொல்லிட்டு விலகிரும்."

"அடுத்த வரி அழி" என்றான் பிச்சுமணி. அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

"காப்பி ஆச்சான்னு பாத்துட்டு அழிக்க எழுதியிருக்கக் கூடாதா அவன்?" என்று விஜயம் கேட்டாள்.

"எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. எனக்க காப்பி 'சரி'ன்னுதான் பொய் சொல்லியிருக்கும். குற்றம் அவனுக்க மேல இல்ல." அவன் ராகேலைப் பார்க்காமல் பேசினான். "அந்தக் குட்டிக் கட்டளைகளும் அவனுக்க சாமானோடதான் கெடந்துது. அதுவும் அதோட போச்சு. கடிகாரத்துல மட்டும் அவனுக்க பேரு பாக்கி. இப்பமும் வெள்ளி ஆறு மணிக்கும் திங்கள் எட்டு மணிக்கும், ஓட்ட வேண்டிய கட்டளையைக் காணோம்னு அவனுக்குக் கடுதாசி போடுது கணினி. இருபத்தாறு கடுதாசி வந்து கெடக்கு மைனி. நிறுத்தக் கை வரல்ல."

"மூணு மாசம்" என்றாள் ராகேல். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மூணு மாசமா உனக்குத் தெரியுமாலே? அவியளுக்க அம்மை என்னைய என்ன கேட்டான்னு தெரியுமா? கோயில்ல எனக்க பக்கத்துல ஒரு ஆளு இருக்காது. அந்தப் பேப்பரைக் கொடுத்தது யாரு?"

"டைப் அடிச்சதே நான்தான்."

பிச்சுமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேக்காம பொதுக் கட்டளையில கை வெச்சேன். வெளிய தெரிஞ்சா வேலை போவும்னு பயம். முதல் நாளு பயந்தேன். அப்புறம் சொல்லுததுக்கு வாய் வரல்ல. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகவும் சொல்லுதது இன்னும் பெரிசாச்சு. அந்த மூணாவது கட்டத்தை வெட்டிட்டு அடிக்கலாம்னு நெனச்சேன் மைனி. வெட்டல்ல. யாராவது ஒரு ஆளு பாப்பாவன்னு விட்டேன்."

"பாத்தாச்சு" என்றாள் விஜயம். "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியா? கம்பெனிக்கு ஒண்ணு, மார்த்தாண்டத்துக்கு ஒண்ணு."

"இப்பமே தாறேன்."

"வேலை போவும்."

"போவட்டு."

விஜயம் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தாள். கேஸ் முடிந்ததென்று பிச்சுமணி குடையைக் கையில் எடுத்தான். ஆனால் ராகேல் நகரவில்லை. கணக்கு டீச்சர் அவள். விடையில் ஒரு எண் குறைந்தால் தெரியும்.

"சாமான் போனது அவியளுக்குத் தெரியாதே" என்றாள். "ஆறு பத்துக்கு ஆபீஸை விட்டு இறங்கியாச்சு. பெறகு பைக் ஏன் திரும்பிக் கெடந்துது?"

விஜயம்கூடத் தலையை நிமிர்த்தினாள்.

பிரஜின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நானாக்கும் விளிச்சேன். ஆறு முப்பத்தஞ்சுக்குத்தான் அவனுக்க சாமான் எல்லாம் காணோம்னு பாத்தேன். அவனுக்க மொபைலுக்கு விளிச்சேன். சாக்கை ஜங்ஷன் வந்தாச்சுன்னான். ஆறேழு நிமிஷத்துல வீடு."

"என்ன சொன்னாவ?"

"சிரிச்சான்."

"சிரிச்சாவளா?"

"நான் பாதி சொல்லும்போதே அவனுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. 'ஆறு மணிக்கு ஒனக்க கேள்விக்குப் பதில் சொல்ல அங்க யாருலே இருக்கா?'ன்னு கேட்டுச் சிரிச்சான். 'நீ ஒண்ணையும் தொடாத. அழிச்சது டிஸ்குல அப்பிடியே கெடக்கும். வந்து எடுத்துக்கிடுதேன். திங்கக்கிழமை ஒரு ஆளுக்கும் தெரியாண்டாம்'னான். எனக்கு வேலை போவக் கூடாதுன்னுதான் திரும்பினான் மைனி. எனக்காக்கும் திரும்பினான்."

ராகேல் மெதுவாக அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"வேற?"

பிரஜின் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேற என்ன சொன்னாவ, சொல்லுலே."

"போன்ல சார்ஜ் தீரப்போவுதுன்னு சொன்னான்." பிரஜின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "உங்களுக்கு விளிக்கச் சொன்னான். நான் விளிக்கல்ல. அவன் வந்து சேருததுக்கு முன்ன பழைய காப்பிக் கட்டளையைத் திருப்பி வெச்சிரலாம்னு, எனக்க மானத்தை மறைக்கப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல மறந்துட்டேன். அதுக்குப் பெறகு விளிக்கதுக்கு..."

அன்று ஏழு மணிக்கும், ஏழரைக்கும், எட்டுக்கும் ராகேல் டெலிபோனுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பம் சொல்லு" என்றாள்.

"மைனி..."

"எனக்கு விளிச்சிருந்தா எப்பிடிச் சொல்லியிருப்பியோ, அதே மாதிரி சொல்லு."

பிரஜின் கையை எடுத்தான். இரண்டு முறை தொடங்கி, மூன்றாவது முறைதான் வந்தது.

"மைனி, நான் பிரஜின் பேசுதேன். அஜீஷ் இங்க ஆபீசுக்குத் திரும்பி வாறான். ஒரு சின்ன வேலை. வீட்டுக்கு வர ஒரு மணிக்கூர் லேட்டாவும்னு சொல்லச் சொன்னான்."

ராகேல் தலையை ஆட்டினாள். கண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. பேசும்போது குரல் வீட்டு டெலிபோனில் பேசுகிற குரலாகவே இருந்தது.

"வரட்டு. நான் சாப்பிடாம இருக்கேன்னு சொல்லு."